சாக்லேட் கடைக்குக் கொடுத்த ஒயர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்தக் கடையின் ஷட்டரைத் தொட்டதும் எனக்கு ஷாக் அடித்தது. கை தோள் வரைக்கும் உதறியது. டிபன் டப்பா நழுவி கொடைக்கானல் மூஞ்சிக்கல் இறக்கத்தில் உருண்டோடி ஒரு டாக்ஸியின் டயரில் முட்டி நின்றது. உள்ளேயிருந்து, ஸ்வெட்டருக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"லேசா இழுக்குதா? ரப்பர் செருப்பு போட்டு வா புள்ள. ஒண்ணும் செய்யாது."

ஒயரைச் சரிசெய்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. என் செருப்பை மாற்றச் சொன்னார். வாயடைத்து நின்றேன். அந்த அக்காவிடம் வேலை பார்த்த சில வருடங்களும் ஏறக்குறைய அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, சிடி போட்டுக் கொடுக்கிற கடை. இரண்டாயிரத்து ஆறு பக்கம். வீடியோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தே ஆக வேண்டிய காலம் அது. கேமராவும் அக்காதான் பிடிப்பார். மண்டபத்துக்குள் நுழைந்தால், "பொம்பளையா எடுக்குது?" என்று பந்தி வரைக்கும் முணுமுணுப்பு ஓடும். அக்கா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். நான் உள்ளே உட்கார்ந்து எடிட்டிங் செய்கிறவள். பழனியில் ஒரு டிப்ளமோ முடித்துவிட்டு, மலையேறி வந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன்.

ஷட்டரில் கரண்ட் வந்த காரணம் இரண்டாம் நாள் தெரிந்தது. அக்காவின் மீட்டரிலிருந்து ஒரு ஒயர் பின்னால் இருந்த போன் பூத்துக்குப் போனது. ஒன்று எதிர்ப்படியில் உட்கார்ந்த தையல்காரருக்கு. இன்னொன்று, சாயங்காலம் வேகவைத்த சோளம் விற்கிற அம்மாவின் ஒற்றை பல்புக்கு. அந்த ஒயர்களில் ஏதோ ஒன்று ஷட்டரின் மேல் உரசிக்கொண்டிருந்தது. எது என்று அக்காவுக்கே தெரியாது. யார் வந்து கேட்டாலும் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அவங்களை தனியா மீட்டர் வாங்கச் சொல்லலாமேக்கா."

"வாங்குவாங்க, வாங்கும்போது வாங்கட்டும். அதுக்காகக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதா?"

இந்தக் கேள்வியை அக்கா என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அக்கா அப்போது கைக்குழந்தை. ஆனாலும் டீயைத் தேத்தண்ணி என்பார், தொந்தரவைக் கரைச்சல் என்பார். வீடு பேத்துப்பாறையில். ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர், அதுவும் அக்கா வீட்டில். முதலில் அவர்களுக்குத்தான் லைட் வந்ததாம். வந்த அன்றைக்கே அவருடைய அப்பா பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துவிட்டார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. "ஒரு வீட்டுல மட்டும் எரிஞ்சா கண்ணு கூசும்னு எங்கப்பா சொல்வாரு" என்றார் அக்கா.

நான் அங்கே இருந்தபோது கோடி வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தது: "பொட்டி போடுறேன்!" உடனே இந்தப் பக்கம் ஒருவர் டிவியை அணைத்தார், இன்னொருவர் மிக்ஸியை நிறுத்தினார். அந்தப் பெண் இஸ்திரி போட்டு முடிக்கும்வரை வரிசை முழுக்க பல்புகள் பூசணிப்பூ நிறத்தில் மங்கி எரிந்தன. முடிந்ததும் "ஆச்சு!" என்று ஒரு குரல். டிவிகள் உயிர் பெற்றன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் தெருவில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் முதல் வாரத்திலேயே யார் மண்டையாவது உடைந்திருக்கும்.

நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். கூட வேலை பார்ப்பவளுக்குத்தான் தெரியும் அதன் அருமை. ஒருநாள் பெரும்பாறையில் ஒரு கல்யாணம். ஜீப்பில் போய் இறங்கியபிறகுதான் கேமரா ஸ்டாண்டை முந்தின நாள் யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டது அக்காவுக்கு நினைவு வந்தது. "நீ நல்ல உசரம் புள்ள" என்றார். தாலி கட்டி முடிகிற வரைக்கும் கேமரா என் தோளில் இருந்தது. மூச்சை இழுத்து விடாதே என்று அக்கா பின்னாலிருந்து கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். அந்த வீடியோவில் மாப்பிள்ளை மெல்ல மேலும் கீழும் அசைவார். அது என் மூச்சு. போன ஸ்டாண்ட் திரும்பி வரவே இல்லை, அக்கா கேட்கவும் இல்லை.

கடைக்குப் பக்கத்தில் ஒரு அண்ணாச்சியின் சாக்லேட் கடை. வீட்டில் செய்த சாக்லேட்டை கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி டூரிஸ்ட்டுகளுக்கு விற்பவர். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும்; போனால் அவர் பெட்டி இருண்டு கிடக்கும். எங்கள் கணினிக்கு யுபிஎஸ் உண்டு. அக்கா என்ன செய்தார் தெரியுமா? கணினிப் பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் டப்பாவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சுவரில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் வண்டி பல்புகளை மாட்டிவிட்டார். ஊரே இருட்டில் கிடக்கும்போது அண்ணாச்சியின் சாக்லேட் மட்டும் மினுங்கும். காலையில் வந்து இதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கல்யாணக் கூட்டமெல்லாம் குடியிருக்கிற எங்கள் கணினி, சாக்லேட்டுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதிலும் வரிசை வீட்டுச் சட்டம்தான். பெரிய வேலை ஓடும்போது அக்கா சுவரைத் தட்டி, "அண்ணாச்சி, பொட்டி போடுறேன்!" என்பார். அவர் பல்புகளை அணைப்பார். முடிந்ததும் "ஆச்சு!" என்பார் அக்கா. அவர் போட்டுக்கொள்வார். அண்ணாச்சிக்கு இது பெருமை வேறு. வாடிக்கையாளர்களிடம், "நம்ம லைட்டு கம்ப்யூட்டர் லைட்டு" என்பார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வர வேண்டும். அது இல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

ஆவணியில் என் அக்காளுக்கு, கூடப்பிறந்தவளுக்கு, பழனியில் கல்யாணம். வீடியோ அக்காதான். முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. விபூதி, கற்பூரம், காவடிக்கு வேண்டியவை. அப்பா வெளியில் யார் கையிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். எங்கே போனாலும் கூடவே ஒரு செம்பு போகும். வாசலில் நின்று அக்காவைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார்.

"பேத்துப்பாறைங்கய்யா."

"சிலோன்லேருந்து வந்தவுகளா?"

"ஆமாங்கய்யா."

அப்பா மேலே கேட்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் வெளியாட்களுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். அம்மா அதில் காப்பி கொண்டுவந்தாள். அக்கா குடித்தார், வாசல் குழாயில் கழுவினார், இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்று ராத்திரி அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கல்யாணம் முடிந்து மலைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அதைப் பற்றி ஆரம்பித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுல ஆளுக்கொரு டம்ளரெல்லாம் கெடையாது புள்ள. இருக்கிறதுல எல்லாரும் குடிச்சுக்கிடணும். உங்க வீட்டுல எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருந்தாங்க." அது கிண்டலா, வேறு எதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புரட்டாசியில் அப்பா போய்விட்டார். கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். அவ்வளவுதான். காலையில் போனில் என்னிடம் ஸ்வெட்டர் போடு என்று அதட்டிய மனிதர். அக்காதான் என்னை மலையிறக்கிக் கூட்டிப்போனார். வாசலோடு நின்றுகொண்டார். காப்பி வேண்டாம் என்றுவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அந்தக் கல்யாண சிடியில அப்பா பேசுறது இருக்குமா?"

அப்பாவுக்கு போட்டோ என்றாலே ஆகாது. இருக்கிற நாலைந்து படத்திலும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு நிற்பார். வீடியோ என்று இருந்தது அந்தக் கல்யாணம் ஒன்றுதான். அவர் நடப்பதும் பேசுவதும் வேறு எங்கேயும் இல்லை. "இருக்கும்மா. கொண்டுவாறேன்" என்று சொல்லிவிட்டு மலையேறினேன்.

நான் பழனியில் இருந்த நாட்களில் அக்காவே எல்லா டேப்பையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். ஆனால் அந்தப் பழைய கணினியில் ரோஜாப்பூ போட்டால் அன்றைக்கு முழுக்க அது தூங்கும். "உங்க வீட்டு வேலையை நல்லாப் பண்ணணும் புள்ள" என்று அக்கா, இந்தப் பூ வேலையை வேகமாக முடித்துத் தருகிற ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில், மதுரை பஸ்ஸில், பிளாஸ்டிக் பையில் சுற்றி அது வந்து சேர்ந்தது. செங்கல் கனம். அதற்கென்று தனியாக ஒரு மின்விசிறி. கொடைக்கானல் குளிரில் ஃபேன் வைத்த சாமானை நாங்கள் இரண்டு பேரும் அதிசயமாகப் பார்த்தோம்.

கூட ஒரு தாள் வந்திருந்தது, படம் போட்டு. கார்டின் பின்பக்கம் கரண்டுக்கென்று ஒரு வாய். அதில் மாட்ட ஒரு ஒயர். அந்த ஒயருக்கு இரண்டு வால். இரண்டு வாலையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற இரண்டு தனித்தனி ஒயர்களில் மாட்ட வேண்டும், அந்த ஒயர்களில் வேறு எதையும் மாட்டக் கூடாது என்று படத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தது.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, வந்ததும் தனிக்குடித்தனம் கேக்குது?"

"நெறைய கரண்ட் இழுக்கும்க்கா. அதுக்குத் தனி லைன் வேணும்."

"எல்லாருக்கும்தான் வேணும்."

எங்கள் டப்பாவில் ஒயர்கள் கொஞ்சம்தான். ஒன்றில் எல்லாக் கல்யாணமும் ஏறியிருந்த ஹார்ட் டிஸ்க். ஒன்றில் சிடி எழுதுகிற டிரைவ். ஒன்று சுவரைத் தாண்டி அண்ணாச்சிக்குப் போயிருந்தது. அதைக் கழற்றி, மற்றதைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் கார்டு கேட்டபடி கொடுத்துவிடலாம். நான் அதைத்தான் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீவாளி லீவுக்குக் கூட்டம் ஏறிக்கிட்டு இருக்கு. இப்பப் போயி அந்த மனுசன் லைட்டைப் புடுங்கச் சொல்றியா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதா?"

பேச்சு முடிந்தது. அலமாரியிலிருந்து பழைய ஒய் ஒயர் ஒன்றைத் தேடி எடுத்தார். ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கிற மலிவான ஒயர். ஹார்ட் டிஸ்க் லைனிலேயே மிச்சமிருந்த முனையில் அதைச் செருகி, கார்டின் இரண்டு வாலையும் அதிலேயே மாட்டினார். "டிஸ்க்கும் கார்டும் ஒரே நேரத்துல முழுசா இழுக்காது புள்ள. அது இழுக்கும்போது இது விட்டுக்குடுக்கும்" என்றார். கட்டளை போலச் சொல்லவில்லை, அனுபவத்தில் கண்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். வரிசை வீட்டில் அப்படித்தானே நடக்கிறது.

மத்தியானம். வெளியே பனி இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. கணினி எழுந்தது. கார்டின் விசிறி சுழன்றது. அக்கா முகத்தில் அத்தனை சந்தோஷம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் திறந்தேன். அப்பா மண்டப வாசலில் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு காட்சியைத்தான் பார்த்தேன். அதற்குமேல் அன்று என்னால் முடியவில்லை. ரோஜாப்பூவைப் போட்டு ஓடவிட்டேன்.

அக்கா சுவரைத் தட்டினார். "அண்ணாச்சி, பொட்டி போடுறேன்!" அந்தப் பக்கம் பல்புகள் அணைந்தன. எல்லாரும் சட்டப்படிதான் நடந்துகொண்டோம்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. திரும்பினால் கணினிப் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து வெள்ளையாகப் புகை. முதலில் பனி உள்ளே வருகிறது என்றே நினைத்தேன். அக்கா பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்தபோது அந்த ஒய் ஒயர் உருகி, மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பலகையில் ஒரு கருப்புப் பொட்டு. கார்டுக்கு ஒன்றுமில்லை. அது மட்டும் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சி கேட்டார்: "ஆச்சாம்மா? போட்டுக்கிடவா?"

எனக்கு அழுகை வரவில்லை. அப்பா இரண்டாம் முறை சாய்ந்துவிட்டார் என்று தோன்றியது.

டேப் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. "அக்கா, டேப்பு?"

அக்கா தரையைப் பார்த்தார். சிடி கொடுக்கிற வரைக்கும் டேப்பின் மேல் மறுபடி எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா எடுத்திருந்தார். கணினியில்தான் ஏற்றியாயிற்றே என்று, அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு அதே டேப்புகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வேறு வேறு மாப்பிள்ளைகள், டேப்பின் கடைசி வரைக்கும்.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"பாலசமுத்திரத்துல ஒரு தம்பி ஸ்டூடியோ வச்சிருக்கு. அவசரமா டேப்பு இல்லேன்னு வந்து நின்னுச்சு. குடுத்துட்டேன்."

அன்றைக்குத்தான் அக்காவிடம் முதல் முறையாகக் கத்தினேன். "யாரு கேட்டாலும் குடுத்துருவீங்களா? எங்கப்பாவையுமா குடுப்பீங்க?" அக்கா சட்டை முனையால் அந்தக் கருப்புப் பொட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் போகிற கறையா அது.

மதுரையில் இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோனோம். அவர் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பழனியிலிருந்து அம்மா போன் செய்துகொண்டே இருந்தாள். மழை, கரண்ட் இல்லை என்று நான் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் கடைக்கு வந்தால் அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் டேப். முந்தின ராத்திரியே கிளம்பி பாலசமுத்திரம் போய் வந்திருக்கிறார். "கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டேப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி கேமராவில் போட்டு டிவியில் மாட்டினேன்.

ஏதோ ஒரு வீட்டுச் சடங்கு. மாலை போட்ட ஒரு சின்னப் பெண் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. தாய்மாமன் சீர்த்தட்டுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. யார் யாரோ அந்தப் பெண்ணுக்குச் சந்தனம் பூசினார்கள். அந்தக் குடும்பத்தின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. சீக்கிரம் முடித்துத் தொலையுங்களேன் என்றிருந்தது. கடைசியில் முடித்தார்கள். திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. ஒரு நொடி நீலம். பிறகு பழனி மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் வந்தது.

அந்தத் தம்பி எடுத்த சடங்கு எங்கள் வீட்டுக் கல்யாணத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அவர் எடுத்து முடித்த இடத்துக்கு அப்பால் இருந்ததை யாரும் அழிக்கவில்லை.

கூடம் காலியாக இருந்தது. கேமராவை மேஜை மேல் படுக்க வைத்திருக்கிறார்கள் போல, எல்லாம் சாய்ந்து தெரிந்தது. எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் தூரத்தில் போனார். மேஜையின் கோடியில் அப்பா, பட்டு வேட்டியும் வியர்வையுமாக, கடைசி ஆளாக, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்காவின் கை கேமராவின் பொத்தானுக்கு நீண்டது. "போதும் புள்ள. அப்பா மொகத்தைப் பாத்துட்டேல்ல. இதோட நிறுத்திக்கிடுவோம்."

அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன்.

திரையில் அப்பா தலையைத் தூக்கினார். "ஏம்மா, நீ சாப்பிட்டியா?"

"இருக்கட்டுங்கய்யா. பொறவு பாத்துக்கிறேன்." அக்காவின் குரல். ஆள் தெரியவில்லை.

"பொறவு எங்க பாக்குறது? அவன் சட்டி கழுவ ஆரம்பிச்சுட்டான். சோறே இம்புட்டுதான் கெடக்கு. வெள்ளனேயிருந்து ஒத்தக் கால்ல நிக்கிற. உக்காரு."

"வேணாங்கய்யா."

"உக்காருன்னா."

அப்பா இலையைப் பார்த்தார். பக்கத்தில் இலைக்கட்டு இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் இலையை நடுவில் பிடித்து, சோறு சிந்தாமல், இரண்டாகக் கிழித்தார். அந்தச் சத்தம்கூடக் கேட்டது. சோற்றைக் கையாலேயே பிரித்து, பாதிக்கு மேல் அந்த இலையில் தள்ளி, மேஜையின் இந்தப் பக்கம் நகர்த்தினார். செம்பையும் எடுத்து நடுவில் வைத்தார். அவருடைய செம்பை.

"வெரசா சாப்பிடு. யாராவது வந்துறப் போறாக."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அப்பாவின் தாடை மட்டும் அசைந்தது. பிறகு அப்பா தணிந்த குரலில் சொன்னார்: "வீட்டுல சொல்லிக்கிடாதம்மா."

"சரிங்கய்யா."

"அதென்ன அது, செவப்பா எரியுது?"

"பேட்டரிங்கய்யா."

கேமரா ஓடுகிறது என்று காட்டும் விளக்கு அது. ஒரு கை வந்து திரையை மறைத்தது. அதோடு டேப் முடிந்தது.

இருபத்து சொச்சம் வருடம் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அந்தச் செம்பைத் தொட்டதற்குப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னவர். ஜன்னல் டம்ளரைக் கண்ணாலேயே காட்டியவர். யாரைப் பார்க்கிறேன் என்றே எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அக்கா இதைத் தெரிந்துகொண்டேதான் டம்ளர் பற்றிப் பேசியிருக்கிறார். சாவு வீட்டு வாசலில் இதைத் தெரிந்துகொண்டேதான் நின்றிருக்கிறார்.

"ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லாதேன்னாரு. சரின்னேன். அதைத் திருப்பி வாங்கச் சொல்றியா?"

"அம்மாவுக்கு இதைக் கொண்டுபோகப் போறேன்."

அக்கா முகம் மாறியது. "வேணாம் புள்ள."

"அப்பா குரல்னு உலகத்துல மிச்சம் இது ஒண்ணுதான்க்கா."

"தெரியும். இருந்தாலும் வேணாம்."

அந்த வாக்குக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லாவிட்டால், விஷயம் தெரிந்தால் எங்கள் வீட்டில் ஏதாவது சொல்வார்கள் என்று பயப்படுகிறார் என்று. "அப்பாவே போய்ட்டாரு. இனி யாரு கேக்கப் போறா?" என்றேன். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். வேறொரு ஸ்டூடியோவில் நானே சிடி போட்டு எடுத்துக்கொண்டு பழனிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அம்மா அதிர்ந்துபோவாள், பிறகு அழுவாள், பிறகு அந்த ஜன்னல் டம்ளரை எடுத்து உள்ளே வைப்பாள் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா பேச ஆரம்பித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன். இலை கிழிகிற இடத்தில் கையைக் காட்டி, "அங்க நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். அப்பாவின் இரண்டு கையிலும் இலையின் இரண்டு பாதி. அம்மா வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பைப் பற்றியோ, எந்த ஊர், என்ன ஆள் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவரு சாப்பிட்டு எந்திரிச்ச இலையிலதான் நான் இத்தனை வருசமாச் சாப்பிட்டேன்" என்றாள். "உக்காரும்போதே பாதி கிழிச்சு, நீயும் உக்காருன்னு ஒருநாளும் எனக்குக் குடுத்ததில்ல."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சிடியை மறுபடி போடச் சொல்லிக் கேட்கவே இல்லை. அன்று மட்டுமல்ல, எப்போதும்.

மலையேறி வந்து கடைக்குப் போனேன். கணினிக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்திருந்தது. பெட்டி திறந்து கிடக்க, அக்கா கார்டின் இரண்டு வாலையும் இரண்டு தனித்தனி ஒயர்களில் மாட்டிக்கொண்டிருந்தார். சுவர் ஓட்டையில் ஒயர் இல்லை. அண்ணாச்சியிடம் கேட்டு எடுத்திருந்தார்.

அம்மா சொன்னதைச் சொன்னேன். அக்காவின் கை நின்றது.

"அதுக்குத்தான் புள்ள வேணாம்னேன்" என்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்க வீட்டுல பாத்தேன்ல. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உங்கம்மா பசியோட சொவத்துல சாஞ்சு நின்னாங்க. எனக்குத் தனி டம்ளராவது இருந்துச்சு."

சொல்லிவிட்டு கடைசி ஒயரை அழுத்தி மாட்டினார்.